கேட்க ஆளில்லாத வானொலி நிலையம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நலம். தாங்களும் அச்சகத்தில் உள்ள அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்றே நம்புகிறேன். ஞாயிறு இதழில் நம் ஊர் வானொலி நிலையத்தின் வரலாற்றை அரைப்பக்கத்துக்கு வெளியிட்டிருந்தீர்கள். "கேட்க ஆளில்லாததால் மூடப்பட்டது" என்று அதில் ஒரு வரி. அங்கே முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை அறிவிப்பாளராக இருந்தவன் நான். திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

நிலையம் இருந்தது மாவு மில்லின் மேல்மாடியில். கீழே அரவை ஓடினால் மேலே செய்தி வாசிக்கும் என் குரல் நடுங்கும். ஏதோ துக்கச் செய்தி போலிருக்கே என்று மில்லுக்காரரே பதறிப்போய் மேலே வருவார். கேட்காமலா வந்தார்?

அது போகட்டும். காலையில் மரண அறிவிப்பும் காணவில்லை அறிவிப்பும் வாசிப்பேன். ஒருநாள் மின்விசிறிக் காற்றில் தாள் புரண்டதைக் கவனிக்கலை. "தையல்கடைக்காரரின் மாமனார் நேற்று காலமானார். வலது காது மடிந்திருக்கும், கூப்பிட்டால் வாலை ஆட்டும், கண்டுபிடித்துத் தருபவருக்குச் சன்மானம் உண்டு" என்று நிறுத்தி நிதானமா, நல்ல உச்சரிப்போட வாசிச்சுட்டேன். அடுத்த பாட்டு முடியறதுக்குள்ள மாப்பிள்ளை, மச்சான், சம்பந்தின்னு மொத்தக் குடும்பமும் மாடிப்படியில நிக்குது. ஆளில்லாமலா சார் படி நிறைஞ்சுது? அதுக்கப்புறம் அந்தத் தையல்கடைக்காரர் எனக்குத் தைக்கிற கால்சட்டை எல்லாம் கணுக்காலுக்கு மேலதான் நிக்குது. கேட்டா, துணி பத்தலைங்கறார்.

அதையும் விடுங்க. என் மனைவி ஒருத்தி போதாதா? எங்க வீடு மில்லுக்கு எதிர்ல. "இத்துடன் காலை ஒலிபரப்பு நிறைவடைகிறது"ன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போனா, தட்டுல சாப்பாடு ஆவி பறக்கும். நிகழ்ச்சி ஒருநாள் சீக்கிரம் முடியும், ஒருநாள் இழுத்துக்கிட்டே போகும். சாப்பாடு ஒருநாளும் ஆறினதில்லை. நல்லா இருந்துதுன்னு வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை, ஆனா கடைசி வரி வரைக்கும் கேட்டிருக்கா. யார் கேக்கலைன்னாலும் அவ கேக்கறாங்கற தைரியத்துலதான் சார் காய்ச்சலோடகூடப் போய்ப் பேசினேன்.

தங்கள் பத்திரிகை நீடூழி நடக்கட்டும். மை காயாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
முன்னாள் அறிவிப்பாளர்

பின்குறிப்பு: உறையில் போடுமுன் இதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். சிரிச்சு சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு அவளுக்கு. "நம்ம வீட்டு ரேடியோ கல்யாணமான வருஷமே கெட்டுப் போச்சுங்க. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு விட்டுட்டேன். நீங்க மாடிப்படி இறங்கறது சமையல்கட்டு ஜன்னல்ல தெரியும். பார்த்துக்கிட்டே நிப்பேன், தலை தெரிஞ்சதும் அடுப்புல இருக்கறதை இறக்கித் தட்டுல போடுவேன்." ஆகையால் திருத்தம் எதுவும் போட வேண்டாம். நானும் அந்த ஜன்னலில் போய் நின்று பார்த்தேன். படி நன்றாகத்தான் தெரிகிறது.