பதினேழு குறை உள்ள வீடு

கண்ணாடிக் கடைக்காரர் அன்று சாப்பிட உட்காரும்போதே ஒரு தீர்மானத்தோடுதான் உட்கார்ந்தார்.

"இந்த வருஷத்துக்குள்ள சொந்த வீடு. அதுவும் பாதி விலைக்கு."

"எந்தக் கடையில பாதி விலைக்கு வீடு போடறாங்க?" என்றாள் மனைவி.

"கிண்டல் பண்ணாதே. மூலை வீட்டு அச்சகக்காரர் இன்னைக்குக் கடைக்கு வந்தாரு. கண்ணாடியோட ஒரு காது உடைஞ்சு, நூல் சுத்தி வச்சிருக்காரு. புது ஃப்ரேம் எடுத்துக் காட்டினேன். வேணாம் சார், இதையே ஒட்டிக் குடுங்கன்னாரு. அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு."

"என்ன புரிஞ்சுது?"

"மனுஷன் மூழ்கிட்டாரு. விசாரிச்சேன். கடன் வாங்கிப் பெரிய மெஷினா இறக்கியிருக்காரு. ஆர்டர் வரல. தவணை நின்னு போச்சு. மூணு மாசத்துல கட்டலேன்னா வீடு ஏலத்துக்குப் போயிடும்னு பேங்க்ல நோட்டீஸ் விட்டுட்டான்."

"ஐயோ பாவம்."

"பாவம்தான். அதனாலதான் நாம வாங்கறோம்."

வீடு வேண்டும் என்பதில் இருவருக்கும் சண்டை இல்லை. வெல்டிங் பட்டறைக்கு மேலே இரண்டே அறையில் பதினான்கு வருஷம் ஓடிவிட்டது. காலை ஒன்பது மணிக்குக் கீழே சுத்தியல் தட்ட ஆரம்பித்தால் மேலே தட்டில் இருக்கிற கரண்டி ஆடும். மனைவி எட்டு மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறாள். தையல் கொட்டகையில் கொள்ளாத துணி மூட்டைகள் எல்லாம் வீட்டில்தான். கடைக்காரர் ஆறாம் வகுப்புச் சட்டைகளுக்கும் ஒன்பதாம் வகுப்புப் பாவாடைகளுக்கும் நடுவே படுத்துத் தூங்குகிறவர்.

ஆனால் ஆளுக்குத் தன் மேல் நம்பிக்கை அதிகம். இருபது வருஷமாக அடுத்தவர் கண்ணைப் பார்த்தே பிழைப்பவர். "ஒருத்தன் கண்ணப் பார்த்தா உள்ள என்ன ஓடுதுன்னு சொல்லிடுவேன்" என்பார். மனைவியின் கண்ணை மட்டும் அவர் பார்த்துச் சொன்னதில்லை. அவளுக்குப் பார்வை நன்றாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போகுமுன் அவளை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார்.

"அங்க வந்து நல்லாருக்கு, அழகாருக்குன்னு ஒரு வார்த்தை வரக் கூடாது. மூஞ்சியில ஆசை தெரிஞ்சா விலை ஏறிடும். நீ வாயே திறக்காதே."

"சரி. உங்க முன்னாடி வாயே திறக்கல. போதுமா?"

"அதான் வேணும்" என்றார். 'உங்க முன்னாடி' என்பதை அவர் கவனிக்கவில்லை.

வீடு நன்றாகத்தான் இருந்தது. மூன்று படுக்கையறை, பதினொரு ஜன்னல், பின்பக்கம் ஒரு நீளமான வராந்தா. கடைக்காரர் சுவரைத் தட்டினார். கதவை மூடித் திறந்தார். குழாயைத் திருகினார். ஒவ்வொன்றுக்கும் 'ப்ச்' என்று ஒரு சத்தம் கொடுத்து, காகிதத்தில் குறித்துக்கொண்டார். அச்சகக்காரர் பின்னாலேயே வந்தார். ஒட்டிக் கொடுத்த கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், போட்டுக்கொள்வார், மறுபடி கழற்றித் துடைப்பார். அதைப் பார்த்தபோது கடைக்காரருக்கு மனதில் ஏதோ சுருக்கென்றது. வியாபாரத்தில் அதெல்லாம் பார்க்கக் கூடாது என்று அடுத்த சுவரைத் தட்டினார்.

மனைவி சொன்ன சொல் தவறவில்லை. உதட்டைப் பிரிக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் அச்சகக்காரரின் மனைவி, பக்கத்துப் பள்ளியில் டீச்சர், அவளைச் சமையலறைக்குக் கூட்டிப் போனாள். முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் வெளியே வரவில்லை.

"மொத்தம் பதினேழு குறை சார்" என்று கடைக்காரர் காகிதத்தை நீட்டினார்.

அச்சகக்காரர் படித்தார். சமையலறை அளவுக்கு மீறிப் பெரிது, நடந்தே கால் வலிக்கும் என்று இருந்தது. குழாயில் தண்ணீர் வேகமாக வருகிறது, வீணாகும் என்று இருந்தது. ஜன்னல் அதிகம், துடைக்க ஆள் வைக்க வேண்டும் என்று இருந்தது.

"சார்" என்றார் மெதுவாக.

"சொல்லுங்க. மறுப்பு இருந்தா சொல்லுங்க."

"மறுப்பு இல்ல சார். பதினோராவதுல 'விரிசல்'னு எழுதறப்ப பெரிய 'றி' போட்டிருக்கீங்க. சின்ன 'ரி' வரும். தொழில் பழக்கம், மன்னிச்சுக்குங்க."

கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "விலை என்ன சொல்றீங்க?"

"அறுபது லட்சம்."

"முப்பது."

அச்சகக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைக்கவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றார்.

திரும்பி வரும்போது கடைக்காரர் கை வீசி நடந்தார். "பாத்தியா? ஆள் ஆடிப் போயிட்டாரு. இனி நாம போகவே கூடாது. நாள் ஆக ஆக அவரே இறங்கி வருவாரு."

"அவங்க பெரிய பொண்ணுக்கு ரெண்டு மாசத்துல பரீட்சையாம்."

"அப்ப இன்னும் அவசரம். நமக்கு நல்லது."

"ம்" என்றாள்.

அவளுடைய 'ம்' இரண்டு வகை. ஒன்று, நீங்கள் சொல்வது சரி என்பது. இன்னொன்று, நீங்கள் சொல்லிக்கொண்டே இருங்கள் என்பது. பதினாறு வருஷக் குடித்தனத்தில் கடைக்காரர் இதைப் பிரித்துக் கேட்டதில்லை.

மறுவாரம் அவர் போனில் யாருக்கோ தன் ராஜதந்திரத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது மனைவி ஒரு கத்தைக் காகிதத்தோடு வந்தாள்.

"ஏங்க, பேங்க்ல கடன் எடுக்கிறேன். ஜாமீன் கையெழுத்து வேணுமாம்."

"எங்க?"

"மூணு இடத்துல. படிச்சுட்டுப் போடுங்க. எழுத்து பொடிசா இருக்கு."

"கண்ணாடிக் கடைக்காரன்கிட்டயே சொல்றியா?" என்று சிரித்து, போனைத் தோளில் இடுக்கியபடியே மூன்று இடத்திலும் போட்டார். எதற்குக் கடன் என்று கேட்கவில்லை. மெஷின் வாங்கத்தான் இருக்கும் என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

மூன்றாவது வாரம் அச்சகக்காரரைத் தெருவில் மடக்கி, "இப்ப இருபத்தெட்டுதான் சார், நிலவரம் சரியில்ல" என்றார்.

அச்சகக்காரர் நெளிந்தார். "தப்பா நினைக்காதீங்க. வேற ஒருத்தங்க கேட்டிருக்காங்க."

"யாரு?"

"பேரு வெளிய வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

கடைக்காரர் அசரவில்லை. நேரே சலூனுக்குப் போனார். அந்த ஊரில் ஒரு செய்தி நாலு தெரு சுற்ற வேண்டுமென்றால் சலூன்காரர் காதில் போட்டால் போதும். கத்தரி நிற்கும், வாய் நிற்காது.

"மூலை வீட்ல கரையானாமே? தரையெல்லாம் ஓதம் ஏறுதாம். வெளிய சொல்லாதீங்க" என்றார்.

சலூன்காரர் அவர் சொன்னபடியே வெளியே போய்ச் சொல்லவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். புதன்கிழமைக்குள் கரையான் மாடி ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தூண் சாய்ந்தது. வீட்டைச் சுற்றி வந்துகொண்டிருந்த இரண்டு தரகர்களும் காணாமல் போனார்கள்.

"மூலை வீட்ல கரையானாமே?" என்று மனைவியே கேட்டாள்.

"நான் கிளப்பி விட்டதுதான்" என்று காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அப்ப வேற யாரும் வாங்க வர மாட்டாங்களா?"

"ஒருத்தனும் வர மாட்டான்."

"ரொம்ப நல்லது. ஆனா பொய் சொல்லிட்டு வந்தீங்க இல்ல, நாளைக்கே போய் சலூன்ல கரையான் இல்லைன்னு சொல்லிடுங்க."

"நான் எதுக்குச் சொல்லணும்?"

"ம்" என்றாள்.

இதற்கிடையே வீட்டில் ஒரு வெளிர்நீலத் துணி வந்து இறங்கியது. மனைவி தினமும் சாயங்காலம் அதை அளந்து வெட்டித் திரைச்சீலை தைத்தாள். இரண்டு தைத்தாள். நாலு தைத்தாள். கடைக்காரர் ஒன்றிரண்டு என்று எண்ணிப் பார்த்தபோது பதினொன்று இருந்தது. அவர்கள் வீட்டில் இருப்பதோ மூன்று ஜன்னல்.

பதினொரு ஜன்னல்! அவருக்கு மண்டையில் அடித்தாற்போல் புரிந்தது. வாய் திறக்காதே என்றதால் பாவம், ஆசையை மனதுக்குள்ளேயே பூட்டி வைத்து, கிடைக்காத வீட்டுக்குத் திரை தைக்கிறாள்! பதினாறு வருஷத்தில் இவள் நம்மிடம் என்ன கேட்டாள்? பாதி விலை, முழு விலை என்று பார்த்துக்கொண்டிருந்தால் எவனோ தட்டிக்கொண்டு போய்விடுவான்.

அன்றைக்கே செக் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூலை வீட்டுக்கு ஓடினார்.

"சார், பேரம் எல்லாம் வேணாம். அறுபத்திரண்டு தரேன். நீங்க கேட்டதுக்கு மேலயே ரெண்டு. இப்பவே முன்பணம் வாங்கிக்குங்க."

அச்சகக்காரர் அவரை நாற்காலியில் உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். குழாயில் அது வேகமாகவே வந்தது.

"சார், போன வெள்ளிக்கிழமையே பத்திரம் பதிஞ்சாச்சு. பேங்க் கணக்கும் முடிச்சுட்டேன்."

"எவ்வளவுக்கு?"

"ஐம்பத்தேழு. அறுபதுக்கே சம்மதம்னாங்க. தரகு இல்ல, பொண்ணு பரீட்சை முடியற வரைக்கும் இங்கயே இருங்கன்னும் சொல்லிட்டாங்க. எங்க வீட்டு டீச்சர்தான் மூணு குறைச்சுக்கச் சொன்னா. மிச்சத்துல சின்னதா ஒரு மெஷின் போட்டுத் தொழிலை மறுபடி ஆரம்பிக்கப் போறேன்." அவர் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு தெளிவு இருந்தது. "நல்ல மனுஷங்க சார் அவங்க."

கடைக்காரர் திரும்பி வரும்போது கை வீசவில்லை. படி ஏறி வந்து துணி மூட்டை மேலேயே உட்கார்ந்தார். மனைவி கடைசித் திரைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"போச்சு" என்றார்.

"எது?"

"மூலை வீடு."

"எங்கயும் போகல. அதே மூலையிலதான் இருக்கு. காலையிலகூடப் பாத்துட்டு வந்தேன்."

"விளையாடாதே. வேற யாரோ வாங்கிட்டாங்க. அறுபத்திரண்டு தரேன்னு போய் நின்னேன். உனக்காகத்தான்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். முதல் தடவையாக அவரைக் கொஞ்சம் பாசமாகப் பார்த்தாள்.

"அஞ்சு நஷ்டமாயிருக்கும். நல்ல வேளை, அன்னைக்குச் சமையலறையிலேயே டீச்சர்கிட்ட பேசி முடிச்சுட்டேன்."

கீழே சுத்தியல் நின்றது.

"நீயா?"

"என் சேமிப்பு பாதி, பேங்க் கடன் மீதி. நீங்கதானே ஜாமீன்? படிச்சுட்டுப் போடுங்கன்னு சொன்னேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"வாயே திறக்காதேன்னீங்க."

கடைக்காரர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பீரோவிலிருந்து அவள் பத்திரத்தை எடுத்து வந்து நீட்டினாள். கை படாமல் பார்த்தார். கெட்டிக் காகிதம், முத்திரை, எல்லாம் முறையாகத்தான் இருந்தது. என்ன இருந்தாலும் வீடு வீடுதான், குடும்பத்துக்குத்தானே வந்திருக்கிறது என்று மெல்ல மனதைத் தேற்றிக்கொண்டார். பிறகு, பெரிய மனது பண்ணுகிற குரலில் கேட்டார்:

"சரி போகட்டும். இதுல என் பேரு இருக்கா?"

"இல்லாம இருக்குமா?" என்றாள் அவள். "'கணவர் பெயர்'னு ஒரு கட்டம் இருந்துச்சு. அதுல போட்டிருக்கேன், எழுத்து சரியா இருக்கான்னு பாருங்க."