மோட்டார் மாதிரி

மாணவர்கள் கையால் செய்து கற்க வேண்டும் என்பதில் இந்த நாட்டில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. மேடை ஏறுகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். கையால் எதைச் செய்வது, செய்து முடித்த பிறகு அதை என்ன செய்வது என்பதில்தான் கொஞ்சம் குழப்பம். அந்தக் குழப்பத்தை நம்பித்தான் நான் கடை வைத்திருக்கிறேன்.

அம்பத்தூர் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளிக்கு நேர் எதிரே, நிஜாமுதீன் ஜெராக்ஸ். பள்ளியின் பெயரைச் சொல்லமாட்டேன். நாளைக்கும் நான் அங்கேதான் ஷட்டரைத் தூக்க வேண்டும். ஜெராக்ஸ் என்பது பேருக்குத்தான், பிழைப்பு ஓடுவது தெர்மாகோலில். காற்றாலை, எரிமலை, மழைநீர் சேகரிப்பு, சூரியக் குடும்பம் எல்லாம் ரெடிமேடாகக் கிடைக்கும். சூரியக் குடும்பத்தில் ஒரு கிரகம் குறைந்தாலும் இதுவரை எந்த வாத்தியாரும் கண்டுபிடித்ததில்லை. இப்போது காலம் மாறிவிட்டதால் எல்லாவற்றிலும் ஒரு நீல பல்பை ஒட்டி, பெயருக்கு முன்னால் ‘ஸ்மார்ட்’ என்று எழுதிவிடுகிறேன். ஸ்மார்ட் எரிமலை நன்றாகப் போகிறது.

இந்த வருஷம் தொழிற்கல்விப் பிரிவில் படிக்கும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. ‘மாணாக்கர் தாம் பயின்ற தொழில் சார்ந்து, சமுதாயப் பயன்பாடுடைய மாதிரி ஒன்றினைத் தம் கைப்படச் செய்து காட்சிப்படுத்துதல் வேண்டும்.’ இதற்கு மார்க் உண்டு. இந்த மார்க் வராவிட்டால் பாஸ் கிடையாது. படித்த உடனே நான் பாடியில் மொத்தக் கடைக்குப் போய் தெர்மாகோல் கட்டோடு வந்து இறங்கிவிட்டேன்.

என் மகள் மஹ்ஜபீன் அதே பள்ளியில் மின்பொறியியல் பிரிவு. அவளுக்கென்று ஒரு ஸ்மார்ட் தெருவிளக்கைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அத்தா, நாங்க பொண்ணுங்க பாத்ரூம் மோட்டாரை ரெடி பண்ணப் போறோம்” என்றாள்.

அந்த மோட்டாரில் காயில் என்கிற கம்பிச் சுருள் எரிந்து போய்ப் பல காலம் ஆகிறது. கீழ்த் தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, மேல் தொட்டிக்கு ஏறாது. அதனால் அந்தப் பள்ளியில் பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. மஹ்ஜபீனின் தோழி எழிலரசி போன வருஷம் நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரியில் படுத்தாள். பெற்றோர்கள் மனு கொடுத்தோம். ‘தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. மறுபடி கொடுத்தோம். ‘தீவிரப் பரிசீலனையில்’ என்று வந்தது. நினைத்தாலே எனக்கு வயிறு எரியும். ஆனால் வயிறு எரிந்தால் மோட்டார் ஓடுமா?

பிள்ளைகள் ஓட்டினார்கள். மஹ்ஜபீன், எழிலரசி, கிஷோர் மூன்று பேரும் சேர்ந்து மோட்டாரைப் பிரித்து, எரிந்த கம்பியை உருவி எடுத்து, புதுக் காயில் கட்டி, பேரிங் மாற்றினார்கள். அவர்களுடைய வாத்தியார் இருதயராஜ் பக்கத்தில் நின்று, “கையைச் சுட்டுக்காதீங்கடா” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வாத்தியார் அதற்கு மேல் தலையிடாததால் வேலை சீக்கிரம் முடிந்தது.

தலைமை ஆசிரியை சுதா மேடம் குழாயைத் திறந்து பார்த்தார். “ஐயையோ, தண்ணி வருது!” என்று கத்தினார். ஏதோ கூரை இடிந்து விழுந்துவிட்டதென்று பக்கத்து வகுப்பு காலியாகிவிட்டது.

அதன் பிறகுதான் மதிப்பீட்டு அலுவலர் அழகேசன் வந்தார். சட்டைப்பையில் மூன்று பேனா, முகத்தில் நாலு துறையின் கவலை. நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர் என்பதால் டீ வாங்கிக் கொடுக்கும் பொறுப்பில் கூடவே போனேன்.

அழகேசன் மோட்டாரைச் சுற்றி வந்தார். “இது என்ன?”

“மோட்டார் சார். நாங்களே காயில் கட்டினோம்” என்றாள் எழிலரசி.

“சரிம்மா. மாதிரி எங்கே?”

“மாதிரி இல்ல சார், நெஜ மோட்டாரு.”

“சுற்றறிக்கையில் என்ன இருக்கு? மாதிரி. இது மாதிரி இல்லையே. மோட்டாராக அல்லவா இருக்கு.”

கிஷோருக்குப் பொறுக்கவில்லை. “இன்னா சார் சொல்றீங்க? மோட்டாரே மோட்டார் மாதிரி இல்லன்னா, வேற இன்னா சார் மோட்டார் மாதிரி இருக்கும்?”

“தம்பி, நிதானமாகக் கேள். மோட்டார் மாதிரி இருப்பது மோட்டாராக இருக்கக் கூடாது. இருந்தால் அது மோட்டார் ஆகிவிடும். மோட்டார் என்றால் பராமரிப்பு. பராமரிப்பு வேறு துறை. அவர்கள் டெண்டர் விட்டு, ஆள் வந்து பார்த்து, ஓடாது என்று சான்று கொடுத்த மோட்டார் இது. அதை ஓட வைத்தால் அவர்கள் சான்று பொய்யென்று ஆகிறது. ஒரு துறை இன்னொரு துறையைப் பொய்யாக்கலாமா?”

“தண்ணி வருதே சார்” என்றாள் மஹ்ஜபீன்.

“வருவதைத்தான் நானும் குறையாகச் சொல்கிறேன்.”

இருதயராஜ் மெல்ல, “பசங்க கஷ்டப்பட்டிருக்காங்க சார், மார்க்...” என்று இழுத்தார். மாதிரி இல்லாத இடத்தில் மார்க் எப்படிப் போடுவது என்று அழகேசன் வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். நல்ல மனிதர்தான். வாரக் கடைசிக்குள் முறையான மாதிரி ஒன்றைச் செய்து வைக்கும்படியும், அதுவரை அனுமதியின்றி வந்துகொண்டிருக்கும் தண்ணீரை நிறுத்தி வைக்கும்படியும் சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனார். சுதா மேடம் மோட்டார் அறையைப் பூட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் பூட்டினார்.

அன்று சாயங்காலம் மூவரும் என் கடைக்கு வந்தார்கள்.

“பாய், தெர்மாகோலு இன்னா இருக்குதோ அல்லாம் எடு. வெள்ளிப் பேப்பர், ஜிகினா, அந்த நீல பல்பு” என்றான் கிஷோர்.

எனக்குச் சந்தோஷம். கடைசியில் பிள்ளைகளுக்குக் கல்வி என்றால் என்னவென்று புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர்களோ எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு, சுதா மேடத்திடம் சாவி வாங்கி மோட்டார் அறைக்குப் போய், உண்மையான மோட்டாரின் மேலேயே ஒட்ட ஆரம்பித்தார்கள். உடம்பு முழுக்கத் தெர்மாகோல், அதன்மேல் வெள்ளிப் பேப்பர், ஓரத்தில் ஜிகினா. “ஃபேன் பக்கம் மட்டும் மூடாதீங்க, சூடாயிடும்” என்றாள் மஹ்ஜபீன். குழாய்க்கு நீலக் கலர் காகிதம் சுற்றினார்கள். முன்னால் அட்டையில் பெரிய எழுத்தில் ‘மோட்டார் மாதிரி’ என்று எழுதி வைத்தார்கள். எழுத்து என்னுடையது. ‘ஸ்மார்ட்’ என்பதையும் நான்தான் சேர்த்தேன், பழக்க தோஷம்.

அழகேசன் மறுபடி வந்தார். அறையைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“அடடா! அசல் மோட்டார் மாதிரியே இருக்கே!”

“ஆமா சார்” என்றார்கள் மூவரும்.

கிஷோர் சுவிட்சைப் போட்டான். மோட்டார் உறுமியது. “சத்தம்கூட மோட்டார் மாதிரியே!” கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார். “தண்ணீர் மாதிரியே வருதே!” கையை நீட்டினார். சட்டைக் கை நனைந்தது. நனைந்த கையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “ஈரம் மாதிரியே இருக்கு. பிரமாதம்!” என்றார். சுதா மேடம் சிரிப்பை அடக்க இருமினார். இருமல் அடங்க வெகு நேரம் ஆயிற்று.

“இதில் ஏஐ ஏதாவது இருக்கா? இப்ப மேலே எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள்.”

“கீது சார்” என்றான் கிஷோர் யோசிக்காமல். “தொட்டி ரொம்பிச்சின்னா அதுவா நின்னுடும் சார்.”

“யாரும் சொல்லாமலா? அதுவாகவே யோசித்தா?”

“ஆமா சார், உள்ள ஒரு பந்து மெதந்துகினே யோசிக்கும் சார்.”

அழகேசன் உடம்பு சிலிர்த்தது. ‘செயற்கை நுண்ணறிவு வழி ஸ்மார்ட் கழிப்பறை நீரேற்று மாதிரி’ என்று எழுதிக்கொண்டார். மூவருக்கும் முழு மார்க். மாதிரி என்பதால் பராமரிப்புத் துறைக்கும் ஆட்சேபனை இல்லை. மாதிரியிலிருந்து வரும் தண்ணீரை நிறுத்த எந்த விதியிலும் இடமில்லையாம்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை நான் மறக்கமாட்டேன். இடைவேளையில் பெண் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வந்து கடையில் ரோஸ் மில்க் வாங்கிக் குடித்தார்கள். அதற்காகவே ஃப்ரிட்ஜ் வைத்தேன். வீட்டில் என் மனைவி ஃபக்ருன்னிசா, “உங்க பொண்ணு டீயை முழுசாக் குடிச்சிட்டுப் போறா” என்றாள். ஏதோ கலெக்டர் ஆகிவிட்ட செய்தியைச் சொல்வது போலச் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் கேட்டது.

அங்கேயே நின்றிருந்தால் கதை சுபம். ஆனால் மாதிரிக்கு மாவட்ட அளவில் முதல் பரிசு கிடைத்துவிட்டது.

வானகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. மாதிரியை எடுத்து வந்து மேடையில் வைக்கச் சொன்னார்கள். ஒருநாள்தானே, சாயங்காலமே கொண்டுவந்து மாட்டிவிடலாம் என்று பேச்சு. மோட்டாரைக் கழற்றி, புது ஜிகினா பேப்பர் சுற்றி, சிவப்பு ரிப்பன் கட்டிக் குட்டியானை வண்டியில் ஏற்றியது நான்தான். ரிப்பனில் பூ முடிச்சு வேறு போட்டேன்.

பிள்ளைகளுக்குச் சால்வை போட்டார்கள். பெற்றோர் எல்லோரும் செல்போனைத் தூக்கிக்கொண்டு நின்றோம். அழகேசன் மைக்கைப் பிடித்தார். “முதல் பரிசு பெற்ற இந்த மாதிரி, வருங்காலத் தலைமுறையினர் கண்டு பயன்பெறும் பொருட்டு, நமது அலுவலகக் காட்சிக்கூடத்தில் நிரந்தரமாக வைத்துப் போற்றப்படும் என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கிறேன்!”

மண்டபமே அதிரும்படி கைதட்டினோம். நான் விசில்கூட அடித்தேன். மேடையில் மஹ்ஜபீன் என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள், வாய் அசைந்தது. “சிரிம்மா, ஃபோட்டோவுக்குச் சிரி!” என்று கத்தினேன். விழா முடிந்து, காலியான குட்டியானையைப் பார்த்தபோதுதான் என்ன அறிவித்தார்கள் என்பது என் மண்டையில் ஏறியது. அதற்குள் நான் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டிருந்தேன், அதற்குப் பலர் ‘மாஷா அல்லாஹ்’ போட்டுவிட்டார்கள்.

திங்கட்கிழமை பள்ளியில் குழாய் இரண்டு தடவை செருமிவிட்டு நின்றது. மஹ்ஜபீன் மறுநாள் டீயைத் தொடாமல் போனாள்.

பெற்றோர்கள் திரண்டோம். எழிலரசியின் அம்மா, கிஷோரின் அப்பா, சுதா மேடம், இருதயராஜ், நான் எல்லோரும் அலுவலகத்துக்குப் போய் அழகேசன் முன்னால் நின்றோம். பிள்ளைகள் வெளியே வராந்தாவில் இருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் மோட்டார் நீல பல்போடு மின்னிக்கொண்டிருந்தது. ‘தொடாதீர்’ என்று பலகை.

“சார், மோட்டாரைத் திருப்பிக் குடுங்க” என்றேன். “புள்ளைங்க பாத்ரூம்ல தண்ணி இல்ல.”

“மாதிரியைக் கொண்டுபோய் என்ன செய்யப் போறீங்க பாய்? மாதிரியிலிருந்து தண்ணீர் வருமா?”

“சார், அது...” என்று ஆரம்பித்தேன்.

அழகேசன் நாற்காலியில் நிமிர்ந்தார். குரலில் கோபம் இல்லை, அக்கறைதான் இருந்தது. “பாய், யோசித்துச் சொல்லுங்க. அது உண்மையான மோட்டார் என்றால் இப்பவே பெட்டியைத் திறந்து கொடுத்துவிடுகிறேன். அரசு மோட்டாரை வைத்துக்கொள்ள எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் மாதிரி வைக்கவில்லை என்று மூணு பிள்ளைகளின் மார்க்கும் போய்விடும், பரிசும் ரத்து. அவர்கள் பாஸ் ஆகமாட்டார்கள். சொல்லுங்க. அது மோட்டாரா, மாதிரியா?”

எழிலரசியின் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டார். கிஷோரின் அப்பா கண்ணாடிப் பெட்டியையே பார்த்தார். சுதா மேடத்துக்கு இந்தத் தடவை இருமல் வரவில்லை. வாசலில் மஹ்ஜபீன் வந்து நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லுங்கத்தா என்று அவள் கண் கேட்டது. மார்க் போனால் போகட்டும் என்று அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள் என்பது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

“மாதிரிதான் சார்” என்றேன்.

“மாதிரிதான் சார்” என்றார்கள் எல்லோரும்.

அழகேசன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “பிள்ளைகளின் எதிர்காலத்தில் எவ்வளவு அக்கறை! பாய், நீங்கள் எல்லாம் மாதிரிப் பெற்றோர்!”

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது மஹ்ஜபீனிடம் அதைச் சொன்னேன், எப்படியாவது பேச்சைத் தொடங்க வேண்டுமே என்று. “அந்த சார் எங்களை மாதிரிப் பெத்தவங்கன்னு சொன்னாரும்மா.”

அவள் பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தப்பாச் சொல்லிட்டாரு அத்தா” என்றாள். “பெத்தவங்க மாதிரி.”