செம்பனை மோகினியும் அறுபது தாண்டிய ஆண்களும்

சனிக்கிழமை வந்தால் பெடாஸ் தோட்டத்து லயத்து வீடுகளின் முன்னால் கார் நிறுத்த இடம் கிடையாது. சிரம்பான், மந்தின் என்று எங்கெங்கிருந்தோ ஆண்கள் வந்து குவிவார்கள். எல்லாரும் அறுபது தாண்டியவர்கள், எல்லார் மூக்கையும் வாயையும் மூடி ஒரு முகக்கவரி. கேட்டால், கூட்டாளிக்காக வந்ததாகச் சொல்வார்கள். அந்தக் கூட்டாளி யாரென்று மட்டும் சொல்லமாட்டார்கள்.

எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத்தில் குடியிருக்கும் மோகினி ஆண்களின் விந்தைத் திருடுகிறாளாம். அவளைக் கட்டிப்போட அந்த லயத்தில் சனிக்கிழமை பூசை போடும் மகான், சன்னாசி சாமி. போன வருடம் வரை கார் கழுவியவர். திடீரென்று ஞானம் வந்துவிட்டது. கார் கழுவுவதைவிட அதில் வரும்படி அதிகம்.

ஓய்வுபெற்ற லாரி டிரைவர் நல்லசாமிக்குச் சில மாதங்களுக்கு முன் புராஸ்டேட் வீக்கத்துக்கு ஆபரேஷன் நடந்தது. சிறுநீர் தாராளமாகப் போனது. மனைவி குமுதவல்லியோடு சேர்ந்தபோது சுகத்துக்கும் குறைவில்லை. முடிவில்தான் ஒரு சொட்டுகூட வரவில்லை. மனிதர் ஆடிப்போய்ச் சன்னாசியிடம் ஓடினார். மோகினி உன்னைப் புருஷனாக வரித்துவிட்டாள், ஒரு வருடம் சம்சாரத்தின் பக்கம் படுக்காதே, வாராவாரம் கோழியும் காணிக்கையும் கொண்டு வா என்றார் சாமி.

நல்லசாமி பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போனார். கல்யாணமான நாளிலிருந்து பக்கத்தில் படுத்தவளை விட்டுத் தனியே படுக்க அவருக்கு அழுகையே வந்தது. குமுதவல்லியோ, மனிதருக்கு வேறு எவளோ கிடைத்துவிட்டாள் என்று முடிவுகட்டி, மகள் திலகா வீட்டுக்குக் கிளம்பப் பெட்டியை எடுத்தாள். அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார்.

மறுநாளே அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கும் விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும், பிறகு சிறுநீரோடு கலந்து போகும், உடம்புக்குக் கெடுதல் இல்லை என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு முன்பே இதைச் சொல்லியிருக்கிறார். அன்று மொழிபெயர்க்க வந்த திலகா வெட்கப்பட்டு, கொஞ்சம் மாற்றம் இருக்கும் என்று முடித்துவிட்டாள். அப்பாவும் மண்டையை ஆட்டிவிட்டார்.

இருந்தாலும் சாமி பொய் சொல்வாரா என்று நல்லசாமிக்கு உறுத்தல். அடுத்த சனிக்கிழமை குமுதவல்லியும் கூடவே வந்தாள். பூசை நடுவில் எழுந்து நின்றாள்.

"புராஸ்டேட் ஆபரேஷன் செஞ்சவங்கல்லாம் கைய தூக்குங்க லா. எங்க வீட்டுக்காரரு மொதல்ல தூக்குவாரு."

நல்லசாமிக்கு உயிரே போனது. ஆனால் அவள் எடுத்து வைத்த பெட்டி ஞாபகம் வந்தது. கையைத் தூக்கினார். பக்கத்தில் ஒரு கை. பின்னால் இரண்டு. கடைசியில் தூக்காத கையே இல்லை. மந்தினிலிருந்து வந்த ஆம்புரோஸ் என்பவர் திரும்பிப் பார்த்தால், அடுத்த நாற்காலியில் கையைத் தூக்கியபடி சொந்த மச்சான்.

"ஏன் சாமி, ஒங்க மோகினி ஆஸ்பத்திரி கார்டு பாத்துத்தான் ஆளப் புடிக்குமா?" என்றாள் குமுதவல்லி.

மோகினிக்குக் கத்தி பட்ட உடம்புதான் பிடிக்கும் என்று சமாளித்தார் சன்னாசி.

"அப்ப பல்லு புடுங்குனவன், குடல் எறக்கத்துக்கு அறுத்தவன் ஒருத்தனையும் இங்க காணோமே?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் சன்னாசி காணிக்கைத் தட்டை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடினார். அன்றைக்கே நல்லசாமியின் பாய் அறைக்குத் திரும்பியது.

ஆண்களே, வெட்கத்தை டாக்டர் அறை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்க் கேள்வி கேளுங்கள். சாமியார் வீட்டு வாசலில் கொஞ்சம் வெட்கப்படுங்கள்.