செத்த காலேஜுக்கு வழி

ராயபுரம்,
சர்வதாரி வருஷம் தை மாதம் 27ந் தேதி

எண்ணூர் குப்பத்தில், மூக்கு முன்னே வர ஆள் பின்னே வரும் என் பழைய தோஸ்து குமாரவேலுக்கு, ராயபுரம் தேசப்பன் எழுதிக்கொள்வது. இவ்விடம் என் முழங்கால் நீங்கலாக எல்லாரும் சௌக்கியம். அவ்விடம் உன் சௌக்கியத்தையும், உன்னைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு மங்கம்மாவின் சௌக்கியத்தையும் விவரமாய் எழுது. நான் நாலாங்கிளாசு தாண்டாதவன். தப்பு இருந்தால் பேனாவைத் திட்டு.

நிற்க. உன் கார்டு இரண்டும் கிடைத்தன. முதல் கார்டில், என் கடைசிப் பெண் குணசுந்தரியை உன் மகன் பாஸ்கருக்குப் பார்க்க வருகிற மாசி அமாவாசைக்கு வருவதாய் எழுதியிருந்தாய். அன்றைக்குத்தான் உங்களில் யாரும் வலை போடமாட்டீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று போனால் குப்பம் முழுக்கப் பேச்சாகிவிடும், அதனால் பொது இடத்தில் தற்செயலாய்ப் பார்த்த மாதிரி இருக்கட்டும், எழும்பூர் மியூசியம்தான் சௌகரியம் என்று மங்கம்மா சொன்னதாகவும், அங்கே போகிற வழி, திறக்கிற நேரம், சாப்பாட்டு வசதி எல்லாம் எழுதச் சொல்லியும் கேட்டிருந்தாய். இரண்டாவது கார்டு நேற்று வந்தது. மங்கம்மா மனசு மாறிவிட்டது, வரவில்லை, மன்னித்துக்கொள் என்று இரண்டே வரி. அந்தக் கார்டைப் படித்துக் காட்டியதிலிருந்து என் வீட்டுக்காரி பட்டம்மாள் அடுப்பு மூட்டவில்லை. குணசுந்தரி கருவாட்டைத் திருப்பித் திருப்பிக் காயவைக்கிறாள். இருந்தாலும் கேட்டதற்குப் பதில் எழுதுவது மனுஷ தர்மம். முதல் கார்டுக்கு முதலில் பதில்.

எண்ணூரில் காலை பாசஞ்சர் ஏறி ராயபுரத்தில் இறங்கு. அங்கிருந்து பீச் ஸ்டேஷனுக்கு நட, உனக்குத் தொந்தி இருக்கிறது, குறையட்டும். பீச்சில் கரண்டு ரயில் ஏறினால் எழும்பூர். இறங்கி மியூசியம் எது என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள், செத்த காலேஜ் என்று கேள், குருடன்கூட வழி காட்டுவான். வாய் தவறி உயிர் காலேஜ் என்று கேட்டுவிடாதே, அது சென்ட்ரல் பக்கம், புலியும் குரங்கும் இருக்கிற இடம், உன்னைப் பார்த்தால் தப்பி வந்தது என்று உள்ளே பூட்டிக்கொள்வான். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துக்கொண்டு போய் நடுவில் நின்று முழிக்கக்கூடாதே என்று, பெண்டாட்டியையும் மகளையும் கூட்டிக்கொண்டு முன்கூட்டியே ஒரு ஒத்திகை பார்த்தேன் மாமு. நல்ல காரியம் வெள்ளிக்கிழமைதான் தொடங்கணும் என்று பட்டம்மாள் பிடிவாதம். போன வெள்ளிக்கிழமை மூன்று பேரும் குளித்து, பூ வைத்து, தேங்காய் கற்பூரம் எடுத்துக்கொண்டு போனோம். கேட்டில் பூட்டு. வெள்ளிக்கிழமை அங்கே லீவாம். ஆக வெள்ளிக்கிழமை போகாதே. தேங்காயும் வேண்டாம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மறுநாள் சனிக்கிழமை கட்டுச்சோறும் அதே தேங்காயுமாய்த் திரும்பப் போனோம். மத்தியானம் ஆகிவிட்டது. கேட்டில் அத்தாவுல்லா என்று ஒரு காவல்காரர், தாடியைப் பார்த்தால் ஐம்பது வயசு, குரலைக் கேட்டால் பீரங்கி. பட்டம்மாளையும் குணசுந்தரியையும் போங்கம்மா என்று உள்ளே விட்டார், என் நெஞ்சில் கையை வைத்தார். மாதத்தில் முதல் சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் பெண்பிள்ளைகள் மட்டும்தானாம், கோஷா பெண்கள் முக்காட்டை எடுத்துவிட்டுக் கூச்சமில்லாமல் பார்க்கட்டும் என்று வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடாம்.

"எனக்கு அறுபத்தெட்டு வயசு ஆவுது நைனா. என்னியப் பாத்து எந்தப் பொம்பளை பயப்படப் போறா?" என்றேன்.

"உன் வயசுலதான் பெரியவரே எங்களுக்குப் பயம் ஜாஸ்தி" என்றார்.

நியாயமான மனுஷர். எதிரே மரத்தடியில் போய் உட்கார்ந்தேன். என்னை மாதிரியே உள்ளே விடாத பையன் ஒருவன் அங்கே உட்கார்ந்திருந்தான். நல்ல தோள், துடுப்புப் போட்ட கை, ஆனால் மூக்கு மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டு முன்னால் வந்திருந்தது. அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறானாம். நான் சுண்டல் வாங்கிப் பாதி கொடுத்தேன். நான் யார் என்று கேட்டான், புழல் ஏரியில் காவல் என்று ஒரு பொய் விட்டேன், பொழுது போகணுமே. கல்யாணம் ஆச்சா என்றேன். பார்க்கிறார்கள் என்றான். எப்படிப் பெண் வேணும் என்று கேட்டதற்கு அவன் சொன்னதைக் கேள்.

"அழகு கெடக்குது தாத்தா. எங்கம்மாவுக்குப் பயப்படாத பொண்ணா இருந்தா போதும். எங்க வூட்டுல அப்பா, நானு, நாயி, அல்லாரும் பயந்துக்கினுதான் கீறோம்."

அந்தப் பையனைப் பெற்றவன் புண்ணியம் செய்தவன். அல்லது ரொம்ப அடி வாங்கினவன்.

உள்ளே நடந்ததைப் பட்டம்மாளும் குணசுந்தரியும் திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்கள். வெண்கலச் சாமிகள் வரிசையாய் நிற்கிற இடத்தில் பட்டம்மாள் ஒரு அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மடியிலிருந்து தேங்காயை எடுத்து உடைக்க இடம் தேடியிருக்கிறாள். அங்கே வேலை பார்க்கிற ரோஸ்மேரி என்கிற அம்மா ஓடிவந்து கையைப் பிடித்து, பாட்டி, இங்கே சாமி எல்லாம் ஓய்வெடுக்குது, தொந்தரவு பண்ணாதீங்க என்றாளாம். அதனால்தான் தேங்காய் வேண்டாம் என்றேன். திமிங்கல எலும்பு ஒன்று வைத்திருக்கிறார்களாம், நாலு கட்டுமரத்தை வரிசையாய்ப் போட்ட நீளம், அதைப் பார்த்தால் நம்ம கடலில் கால் வைக்க மனசு வராதாம். அப்புறம் மீன் வைத்திருக்கிற கூடம். அங்கேதான் கலாட்டா. கண்ணாடிப் பீப்பாயில் சாராயம் மாதிரி ஒரு தண்ணியில் மீனை ஊறப்போட்டிருக்கிறார்கள், பல வருஷத்து மீன். ஒரு பீப்பாய்க்கு முன்னால் நின்ற அம்மா ஒருத்தி, கண்ணு செத்துப் போச்சு, செவுளு வெளுத்துப் போச்சு, இந்த வெள்ளை வவ்வால் மீனை யார் வாங்குவா என்றிருக்கிறாள். சும்மா இருப்பாளா பட்டம்மாள்? முப்பது வருஷம் தலையில் கூடை சுமந்தவள். அது வெள்ளை இல்லை, கறுப்பு வவ்வால் என்றாள். வெள்ளையாய் இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லையா என்றாள் அவள். கண் உனக்கா எனக்கா என்றாள் இவள். முக்காடு போட்ட பெண்கள் எல்லாம் புத்தர் சிலையை விட்டுவிட்டு இங்கே கூடிவிட்டார்கள். கூடையும் தராசும் இருந்திருந்தால் காசிமேட்டு மீன் சந்தைதான். அப்போதுதான் குணசுந்தரி நடுவில் வந்தாள்.

"அத்தே, நீ சொன்னதுல தப்பில்ல. இந்தத் தண்ணில ஊறினா கறுப்பும் வெளுத்துத்தான் பூடும். வாலாண்ட மட்டும் பாரு, பக்கத்துக்கு ஒரு முள்ளு வரிசை கீது. கறுப்பு வவ்வாலுக்குத்தான் அது உண்டு" என்று சொல்லிவிட்டு, தாயைத் திரும்பிப் பார்த்து, "நீ கத்தாம சொல்லியிருந்தா அவங்களே கண்டுபுடிச்சிருப்பாங்க" என்றாளாம். அந்த அம்மா குனிந்தாள், வாலைப் பார்த்தாள், விறுவிறு என்று வெளியே போனாள். பட்டம்மாளுக்கு ஜெயித்த சந்தோஷம் இல்லை, மகள் தன்னையும் சேர்த்து அடக்கினாளே என்று மூஞ்சியைத் தூக்கிக்கொண்டாள்.

ஆகவே குமாரவேலு, ஞாயிற்றுக்கிழமை போனால் ஆணும் பெண்ணும் சேர்ந்து பார்க்கலாம், உன் அமாவாசையும் ஞாயிறுதான். நாங்கள் போனபோது சீட்டு ஒன்றும் கேட்கவில்லை. சோற்றை மரத்தடியில் சாப்பிடலாம், காக்காய் ஜாஸ்தி, கருவாடு வேண்டாம். மீன் பீப்பாய் பக்கம் மங்கம்மாவை விடாதே. ஆனால் நீதான் வரவில்லையே. பரவாயில்லை. என் பெண்ணுக்கு வேறு இடம் கிடைக்காமலா போகும். உன் மகனுக்கு நல்ல பெண்ணாய் அமையட்டும், உன் வலையில் மீன் கொழிக்கட்டும், உனக்கு வாய் திறக்க வீட்டில் ஒரு நாளாவது அனுமதி கிடைக்கட்டும். பெரியவன் என்கிற முறையில் உங்கள் எல்லாருக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன்னோடு ஒரே படகில் துடுப்புப் போட்ட,
தேசப்பன்

பின்குறிப்பு: மேலே எழுதினது எதுவும் உனக்குத் தேவையில்லை. மரத்தடியில் சுண்டல் தின்ற பையன் உன் பாஸ்கர்தான், மூக்கைப் பார்த்ததுமே எனக்குத் தெரியும். நாங்கள் ஒத்திகை பார்க்க வந்த மாதிரியே உன் மங்கம்மாவும் உனக்குச் சொல்லாமல் ஒத்திகை பார்க்க வந்திருக்கிறாள். உன் கல்யாணத்தின்போது நான் ரங்கூன் கப்பலில் இருந்தேன், அதனால் அவள் என்னையோ நான் அவளையோ பார்த்ததில்லை. வெளியே வந்தவள் என் காது கேட்கவே மகனிடம் சொன்னாள்: "ராயபுரத்துப் பொண்ணு வாணாம்டா. உள்ள ஒருத்தி கீறா. என்னியவே தப்புன்னு சொன்னா, எனக்குக் கோவமே வர்ல. அவ எந்தக் குப்பம்னு கேளு." அதே நேரம் குணசுந்தரி கேட்டைத் தாண்டி வந்தாள். உன் பையன் வாயில் போட்ட சுண்டல் கீழே விழுந்தது. நான் யார் என்று காட்டிக்கொள்ளாமல் என் வீட்டுப் பெண்களைச் சந்து வழியாய் இழுத்துக்கொண்டு ஓடிவிட்டேன், சுலபமாய்க் கிடைத்தால் மதிப்பில்லை, நாலு நாள் தேடட்டும் என்று. நீ இவ்வளவு சீக்கிரம் வேண்டாமென்று கார்டு போடுவாய் என்று யார் கண்டது? விளையாட்டு வினையாகி, நேற்றிலிருந்து எனக்குச் சோறில்லை. மியூசியமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், அமாவாசைக்கு நேரே எங்கள் வூட்டுக்கு வா. ஒரே ஒரு சிக்கல். அந்த வவ்வால்காரி மறுபடி கண்ணில் படட்டும் என்று பட்டம்மாள் இன்னும் கறுவிக்கொண்டிருக்கிறாள், அது சம்பந்தி என்று அவளுக்குத் தெரியாது. அதனால் தட்டில் பூ பழம் குறைந்தாலும் பரவாயில்லை, இரண்டு கறுப்பு வவ்வால் வாங்கி மங்கம்மா கையில் கொடு. வாசலில் நின்று, "கறுப்புதான்" என்று அவள் வாயால் ஒரு தரம் சொல்லிவிட்டால், அன்றைக்கே தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம்.