யோகண்ணைக்கு நான் கொடுத்த ஊக்கம்

ஒருவருக்கு ஊக்கம் கொடுப்பதைவிட ஒரு சோடா வாங்கிக் கொடுப்பது எவ்வளவோ மேல். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஓர் இறுதிப் போட்டி செலவானது.

யுத்த காலம். திருகோணமலை நகரத்தில் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்கு நான்தான் கப்டன். விளையாட்டு உளவியல் பற்றி ஒரு புத்தகம் வாசித்திருந்தேன் (அரைவாசிதான், மீதியைக் கரையான் வாசித்திருந்தது). அன்புக்குரியவர்கள் பார்த்துக்கொண்டு நின்றால் வீரனின் பலம் இரட்டிப்பாகும் என்று அதில் இருந்தது.

எங்கள் கோல் கீப்பர் யோகண்ணை குச்சவெளியில் மீன்பிடிப்பவர். சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, ஒரு புட்டுப் பார்சலோடு வந்துவிடுவார். அவருடைய மனைவி ஒருநாளும் வந்ததில்லை. முதன்முறையாக இறுதிப் போட்டிக்கு வந்திருக்கிறோம், விடலாமா? யோகண்ணைக்குத் தெரியாமல் அவர் மனைவியைக் கூப்பிடக் குச்சவெளிக்குப் போனேன்.

"சனிக்கிழமை மட்ச் பாக்க வாங்கோ, சரசக்கா. உங்களைக் கண்டால் அண்ணை சிங்கம் மாதிரி நிப்பார்."

"இவர் பந்து விளையாடுறவரோ?"

"ஒரு சனிக்கிழமையும் தவறினதில்லை!" என்றேன் பெருமையாக.

"கடலுக்குப் போக நேவி குடுக்கிற பாஸுக்கு வரிசையிலை நிக்கிறார் எண்டெல்லோ புட்டவிச்சுக் குடுக்கிறனான்?"

"நல்ல புட்டு, அக்கா. நாங்கள் எல்லாரும்தான் சாப்பிடுறனாங்கள்."

அக்கா சிரித்தார். "கட்டாயம் வாறன், தம்பி." அந்தச் சிரிப்பைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

போட்டியன்று அக்கா கோல் கம்பத்துக்குப் பின்னால் வந்து நின்றார். யோகண்ணை திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு முன்னால் பார்க்கவேயில்லை. கைகளை விரித்து அவர் அக்காவிடம் கெஞ்சிக்கொண்டிருக்க, முதுகுப் பக்கமாக நான்கு கோல்கள் போயின.

இடைவேளையில் சமாதானம் பேச ஓடினேன்.

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?" என்று அக்கா கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடலுக்குப் போகேலாமல் வீட்டிலை அரைவயிறு. பந்து விளையாடப் போறன் எண்டு எந்த வாயாலை சொல்லுறது? இதையும் விட்டால் எனக்கு விசர் பிடிச்சிடும், சரசு."

அக்கா வெடித்தார்: "பொய் சொல்லி விளையாடினதுதான் விளையாடினீங்கள், ஒழுங்காப் பிடிச்சாவது தொலையுங்கோ!"

இரண்டாம் பாதியில் ஒரு பந்தும் உள்ளே போகவில்லை. நான்குக்குப் பூச்சியம் என்று தோற்றோம் (கோல் அடிக்க வேண்டிய எங்களைத் திட்ட ஆளில்லை).

யோகண்ணை அதன்பிறகு பொய் சொல்லாமலே விளையாட வந்தார். எனக்குத்தான் விடுதலையில்லை. இப்போதும் யோகண்ணை வீட்டுப் படலையைத் திறந்தால் பேரப்பிள்ளைகள் உள்ளே பார்த்துக் கத்துகிறார்கள்:

"அப்பப்பா, ஒளியுங்கோ! ஊக்கம் குடுக்கிற ஆள் வாறார்!"