பத்தாவது மாணவி

"ஒரு பிள்ளை. ஒரே ஒரு பிள்ளை போதும் ஆம்புரோஸ்," என்றார் டைரக்டர் தனேஸ்வரன். "இப்ப ஒன்பது இருக்கு. பத்து ஆனாத்தான் அடுத்த செமஸ்டர் நடக்கும்னு கோலாலம்பூர்ல இருக்கிற முதலாளி சொல்லிட்டாரு. இன்னிக்கு ஓப்பன் டே, காலேஜச் சுத்திப் பாக்க ஒரு குடும்பம் வருது. நானே பேசி வச்சிருக்கேன். பிள்ளை சேர்க்கைப் பாரத்துல கையெழுத்துப் போட்டா உங்க கான்ட்ராக்ட்டும் நீளும். இல்லன்னா..."

இல்லையென்றால் என்ன ஆகும் என்று ஆம்புரோஸுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிலிம் ரிவரில் அவர் வேலை பார்த்த கல்லூரியை மூடினார்கள். கமுந்திங்கில் போய்ச் சேர்ந்தார், அதையும் மூடினார்கள். ஐம்பத்து மூன்று வயதில் இன்னொரு தடவை எவன் வேலை கொடுப்பான்? ராசியில்லாத மனுஷன் என்று மனைவி ஆலிஸே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

சிம்பாங் பூலாய் மலையடிவாரத்தில், பழைய ரப்பர்த் தோட்டத்துக் கட்டடங்களுக்கு வெள்ளையடித்து உண்டாக்கிய கல்லூரி வளாகம் அது. துரை பங்களா அலுவலகமானது. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட கட்டடம் நூலகமானது. தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகையில் இப்போது கம்பியூட்டர்கள். இருக்கிற ஒன்பது பேரும் விடுமுறைக்கு வீட்டுக்குப் போய்விட்டார்கள். விடிந்ததிலிருந்து மழை வேறு. சாவு வீட்டில்கூட இதைவிட ஆள் நடமாட்டம் இருக்கும்.

இந்தக் காலி வளாகத்தைப் பார்த்தால் எந்த அப்பன் பிள்ளையைச் சேர்ப்பான்? ஆம்புரோஸ் மறைவாகப் போய், சந்திப்பில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் உஸ்மானுக்குப் போன் போட்டார்.

"உஸ்மான் அண்ணே, மாணவங்க மாதிரி உக்கார ஆறு பேர் வேணும். கடை ஆளுங்களையே அனுப்புங்க. டைரக்டருக்குத் தெரிய வேணாம்."

"அட, அதுக்கென்னலா! வேன் எப்படியும் அங்கதான் வருது. ஏத்தி விடறேன்."

வேன் எதற்கு வருகிறது என்று கேட்க அவருக்கு அவகாசமில்லை.

பத்து மணிக்குக் குடும்பம் வந்தது. சின்னையா என்கிற அப்பா, அவர் மனைவி, வாயே திறக்காத மகள் ஏஞ்சலா. ஒரே குடைக்குள் மூன்று பேரும் நடந்தே வந்தார்கள்.

"கார் எங்க சார்?"

"கீழ நிக்குது," என்றார் சின்னையா, மலையைப் பார்த்துக்கொண்டு.

டைரக்டர் வெளியே வந்து, முதலாளிக்கு அனுப்ப நாலு படம் எடுத்துக்கொண்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நூலகத்தில் ஆறு பேர் தலை நிமிராமல் படித்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் மஞ்சள் சட்டையில், உஸ்மான் கடையில் ரொட்டி போடுகிற இராமசாமி. அந்த மாணவனுக்கு வயது நாற்பது. சின்னையா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததுதான் தாமதம், இராமசாமி விருட்டென்று எழுந்து, தோளில் கிடந்த துணியால் மேசையைத் துடைத்துவிட்டு, "என்ன குடிக்கிறீங்க பாஸ்?" என்றார்.

ஆம்புரோஸ் குறுக்கே பாய்ந்தார். "ஹோட்டல் துறை மாணவர் சார். எந்நேரமும் பயிற்சிதான்."

"வழக்கம்போல தே ஓ, பாலில்லாம..." என்று ஆரம்பித்த சின்னையா, மனைவி முழங்கையால் ஒரு இடி இடித்ததும் நிறுத்திக்கொண்டார்.

அடுத்து கம்பியூட்டர் கொட்டகை. அதே ஆறு பேரும் பின்பக்கமாக மழையில் ஓடி வந்து உட்கார வேண்டும். முகம் தெரிந்துவிடக் கூடாதே என்று ஆம்புரோஸ் அலுவலக அலமாரியில் கிடந்த முகக்கவசங்களைக் கொடுத்துவிட்டிருந்தார். உள்ளே போனால், தொப்பலாக நனைந்த ஆறு பேர், முகத்தை மூடிக்கொண்டு, அணைந்து கிடந்த கம்பியூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இவங்க ஏன் மூக்க மூடியிருக்காங்க? நோய் ஏதும் பரவுதா?" என்றார் சின்னையாவின் மனைவி.

"சேச்சே! இவங்க... நர்ஸ் கோர்ஸ்ம்மா."

"ஐயோ, ஏஞ்சலாவுக்கு நர்ஸ் ஆகணும்னுதான் உயிர்! வார்டு இருக்கா? பாக்கலாமா?"

நர்ஸ் கோர்ஸும் கிடையாது, வார்டும் கிடையாது. ஏசுவே, இந்த நாக்கை ஏன் படைத்தாய் என்று ஆம்புரோஸ் நொந்துகொண்டார். ஒரு சாக்குச் சொல்லி முன்னால் ஓடி, ஹாஸ்டலில் ஒரு கட்டிலில் வெள்ளைத் துணி விரித்து, இராமசாமியின் தலையில் கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார். காலை நான்கு மணிக்கு எழுந்து ரொட்டி மாவு பிசைகிற மனுஷன். மெத்தையில் முதுகு பட்டதுமே தூங்கிவிட்டார். அவர்கள் உள்ளே நுழைந்தபோது குறட்டை கூரையைத் தூக்கியது.

"நோயாளி மாதிரி நடிக்கிறாரும்மா."

"ரொம்ப நல்லா நடிக்கிறாரு," என்றார் அந்த அம்மா. "சாப்பாடு எத்தனை மணிக்குத் தருவீங்க?"

யாரும் எதையும் சந்தேகிக்கவில்லை. ஆம்புரோஸால் அதை நம்பவே முடியவில்லை. அலுவலகத்தில் பாரத்தை நீட்டினார். ஏஞ்சலா பேனாவைத் திறந்தாள். ஒரு கையெழுத்து. அதோடு பத்து. ஆலிஸிடம் நிமிர்ந்து பேசலாம்.

ஆனால் அவருக்குக் கமுந்திங் ஞாபகம் வந்து தொலைத்தது. கல்லூரி மூடிய அன்று, பாதிப் படிப்போடு ஒரு பெண் கேட்டருகே பெட்டி மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். இவர் தலையைக் குனிந்துகொண்டு மோட்டார் சைக்கிளில் அவளைத் தாண்டிப் போனார். அவளுக்கும் இந்த வயசுதான்.

பாரத்தைப் பிடுங்கினார்.

"வேணாம்மா. இங்க சேராத. புக்கு படிச்சது, கம்பியூட்டர் தட்டுனது, அங்க குறட்டை விடறது, எல்லாம் உஸ்மான் கடை ஆளுங்கம்மா. நர்ஸ் கோர்ஸே கிடையாது. என் வேலைக்காகப் பொய் சொன்னேன். வேற நல்ல இடமா பாரு."

சொல்லி முடித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேலை போய்விட்டது, மூன்றாவது தடவையாக. சின்னையாவும் மனைவியும் தரையைப் பார்த்தார்கள்.

காலையிலிருந்து வாய் திறக்காத ஏஞ்சலா பேனாவை மூடி வைத்தாள்.

"அழாதீங்க அங்கிள். முதலாளிக்கு ஆள் காட்டணும்னு உங்க டைரக்டரும் உஸ்மான் கடையில கேட்டாராம்... எங்களையும் அதே வேன்லதான் ஏத்தி விட்டாங்க."