ஆணிச்சாமிக்கு ஒரு ஜட்தி

1958-ல் புனா கிர்க்கியில், தோட்டா ஃபாக்டரி லைன் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆணிச்சாமிதான்! இடுப்போ முதுகோ, வலிக்கிற இடத்தில் வாயை வைத்து உறிஞ்சுவார். டங்கென்று தாம்பாளத்தில் ஆணி விழும். இரும்பு ஆணி! நம் உடம்பென்ன ஹார்டுவேர் கடையா? கேட்க ஆளில்லை. புனாத் தமிழர்களில் பாதிப் பேர் வரிசையில் நின்றார்கள்.

சாந்தகுமாரிக்கு ஒரு மாதமாகக் கழுத்து திரும்பவில்லை.

"பகை வச்ச ஆணிம்மா. தங்கம் குடுத்தாத்தான் எறங்கும். கம்மலைக் கழட்டு."

அம்மா வீட்டில் போட்ட கம்மல். அழுகையை அடக்கிக்கொண்டு கழற்றிக் கொடுத்தாள். சாமி துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு குனிந்தார்.

"சாமி, இருங்க!"

தங்கராஜ். தோட்டா ஃபாக்டரியில் கேட் காவல்காரன். டூட்டி முடிந்து வருகிறவர்களைத் தலை முதல் கால் வரை தடவிச் சோதிப்பது அவன் பிழைப்பு. அந்தச் சோதனைக்குத்தான் ஜட்தி என்று பெயர்.

"மொதல்ல ஜட்தி குடுங்க. வாயைத் தொறங்க."

அதுவரை மந்திரம் முழங்கிய வாய் திறக்கவே இல்லை. சாமி தலையை மட்டும் ஆட்டினார். தங்கராஜ் பழக்கதோஷத்தில் அக்குளில் தடவினான். சாமிக்குக் கூச்சம்! கிக்கிக்கீ என்று சிரித்தார். டங்! ஓர் ஆணி. டங்! இன்னொன்று. அது அடுத்த பக்தருடையது.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வரிசையில் நின்ற காசிம் பாய்க்கு மட்டும் ரோஷம். "அப்ப என் முதுகுவலி பொய்யா?"

"வலி நிஜம் பாய். ஆணிதான் பொய்." தங்கராஜ் திரும்பினான். "அக்கா, கழுத்து எப்பலேருந்து?"

"இவருக்கு ஜபல்பூர் மாத்தல்னு பேச்சு வந்த நாள்லேருந்து. புள்ளைங்க படிப்பு என்னாவும்? யார்கிட்ட சொல்லுவேன்?" சாந்தகுமாரி உடைந்து அழுதாள்.

பக்கத்தில் நின்ற கணவன் விஸ்வேஸ்வரன் தலையைச் சொறிந்தான். "எனக்கும் அன்னிலேருந்துதான் வயிறு எரியுது. உன்கிட்ட சொன்னா பயப்படுவியேன்னு..."

அவனைப் பார்க்கத் திரும்பினாள். வலித்தது, ஆனால் திரும்பியது! திரும்பிய கண்ணில் கம்மலோடு நழுவும் சாமி பட்டார்.

"டேய், கம்மலை வச்சுட்டுப் போடா!"

வைத்துவிட்டுத்தான் ஓடினார்.

ஃபாக்டரியின் ஒரு திருகாணி திருட்டுப் போகக்கூடாதென்று தினமும் கேட்டில் கையைத் தூக்கி நிற்கிறோமே, மகா ஜனங்களே! நம் கம்மலைக் கேட்கிறவன் வாயை ஒரு தடவை திறந்து பார்த்தால் என்ன, சாமி குத்தமா?